பரணில் கிடைத்த கையெழுத்தைச் சுவரில் ஒளியாக்குவது: கேள்வி பதில்

பரணிலும் பழைய பேப்பர் கடையிலும் கிடைக்கும் கடிதங்களை, கணக்கு நோட்டுகளை இரவில் புரொஜெக்டர் வைத்துப் பொதுக் கட்டடச் சுவரில் அசையும் எழுத்தாகக் காட்டுகிறேன். அதுபற்றி நம் சேலத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை மாணவி): அண்ணா, தாத்தாவின் வெள்ளிப்பட்டறை நோட்டு கிடைத்திருக்கிறது. தாள் பழுப்பேறி மை கசிந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

தங்கச்சி, டேப் மட்டும் ஒட்டாதே. நோட்டை ஸ்கேனரில் அமுக்கினால் முதுகு விட்டுவிடும். மேலிருந்து கேமராவில் எடு. தனித்தாள் என்றால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில் ஸ்கேன் செய். அப்புறம் நிறத்தைத் தலைகீழாக்கு: தாள் கறுப்பு, மை வெள்ளை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அதனால் தாள் மறைந்து எழுத்து மட்டும் சுவரில் நிற்கும். மைக் கசிவைத் துடைக்காதே. நான் ஒருமுறை துடைத்தேன். எழுதியவரின் மகளே "இது அப்பா எழுத்து மாதிரி இல்லையே" என்றார்.

கேள்வி (அம்மாபேட்டை): கை எழுதிக்கொண்டே போவதுபோல் எப்படி வரவைப்பது?

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைக் கோடுகளாக மாற்றும் 'டிரேஸ்' வசதியைச் சாதாரணமாகக் கொடுத்தால் எழுத்தின் வெளிவிளிம்புதான் வரும், பேனா போன வழி வராது. அந்த வழியை நாமே ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் கோடாக வரைய வேண்டும். அந்தக் கோட்டை மாஸ்க் (கோடு போன இடத்தை மட்டும் காட்டும் மறைப்பு) ஆக்கினால் அடியிலிருக்கும் அசல் மை சிறிது சிறிதாகத் தெரியும். மேலே பிள்ளையார் சுழி இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். வேகம் ஒரே சீராக வேண்டாம்: சுழியில் மெதுவாக, நேர்கோட்டில் வேகமாக. பலர் சொல்லை முடித்துவிட்டுத்தான் புள்ளி வைப்பார்கள், அந்த வரிசையையும் காப்பாற்றுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதப்பட்ட தாளில் லை, ணை, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அவற்றைத் திருத்தாதீர்கள், அந்தக் காலம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: புரொஜெக்டருக்கு எவ்வளவு லூமன்ஸ் (ஒளியின் அளவு) வேண்டும்?

சுவரில் விழும் படம் 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 60 சதுர மீட்டர். 6,000 லூமன்ஸ் வைத்தால் சுவரில் சுமார் 100 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு 100 லூமன்ஸ்) விழும். பக்கத்துத் தெருவிளக்கை அணைக்க அனுமதி கிடைத்தால் போதுமானது. லென்ஸின் த்ரோ ரேஷியோ (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் புரொஜெக்டரை 15 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கேள்வி (ஏற்காடு): மூடுபனி வந்தால்?

ஒளி பனியில் சிதறி மெல்லிய கோடு கலைந்துவிடும் ஐயா. கிட்டத்திலிருந்தே பெரிய படம் வீசும் ஷார்ட் த்ரோ லென்ஸ் போட்டுச் சுவருக்கு அருகில் வாருங்கள். கோட்டைத் தடிமனாக்குங்கள். அடர்ந்த பனி என்றால் அன்று நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எடைக்கு வாங்கிய கடிதத்தைக் காட்டலாமா?

தாள்தான் உங்களுடையது. சொற்களின் உரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. குடும்பத்தைத் தேடிக் கேளுங்கள். பெயர், முகவரி, நோய், கடன் வரும் வரிகளை நான் எடுக்கவே மாட்டேன். "நலம், நலமறிய ஆவல்" என்ற ஒரு வரியே சுவர் முழுக்க ஓடப் போதும்.