ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும் முன்

அண்ணே, வணக்கம்.

சனிக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து தம்பியின் வேலை உத்தரவைக் காட்டினீர்கள். இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கிலேயே வேலை கிடைத்த சந்தோஷத்தையும் மீறி, சமூக ஊடகத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று விதிகள் சொல்லும் அதன் கடைசி இரண்டு பக்கம் உங்களைக் கலக்கியிருந்தது. "போன்ல எதையாவது போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவாங்களாண்ணே?" என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

முதலில், தம்பி மேல் சந்தேகப்பட்டு இதைச் சேர்க்கவில்லை. சேருகிற எல்லோருக்கும் இதே பக்கங்கள்தான். ஐ.பி.எம். நிறுவனம் 2005-லேயே வலைப்பதிவு எழுதும் ஊழியர்களுக்கென்று விதிகளை வெளியிட்டது. ஊழியர்களே சேர்ந்து எழுதிய விதிகள் அவை. 'இது என் சொந்தக் கருத்து, நிறுவனத்தின் கருத்து அல்ல' என்று பலரும் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அந்த விதிகளிலும் அது உண்டு.

தம்பியின் ஜல்லிக்கட்டுப் பக்கத்தை மூட வேண்டுமா என்பதுதான் உங்கள் பெரிய கவலை. வேண்டாம். தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று போய் மாடு படம் எடுத்துப் போடுவதை உத்தரவில் எந்த வரியும் தடுக்கவில்லை. வேலை நேரத்தில் போடக் கூடாது, கம்பெனி பெயரை அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் யூடியூபில் அவருக்குக் கொஞ்சம் பணம் வருகிறது என்றீர்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும். வேறு வழியில் வருமானம் வந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறது. கம்பெனியின் பணியாளர் பிரிவான எச்.ஆருக்கு மெயிலில் கேட்டு, பதிலை பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். வாய்வார்த்தையாக யாரோ "பரவாயில்லப்பா" என்றால், நாளைக்கு அது நிற்காது.

இன்னொன்று, மனசில் வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. கல்லூரி நாட்களில் சாதிப் பெருமை பேசி, அடுத்தவரைச் சீண்டிப் போட்ட வீடியோக்கள் இருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். பேச்சுரிமை இருக்கிறதே என்று தம்பி கேட்கலாம். இணையப் பேச்சுக்காகக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். ஆனால் அது அரசாங்கத்துக்குப் போட்ட கடிவாளம். கம்பெனிக்கும் தம்பிக்கும் நடுவே இருப்பது ஒப்பந்தம். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர் அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வேலை போகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை அண்ணே.

நான் பார்த்தவரை, கருத்துச் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் குறைவு. பெருமையில் படம் போட்டு மாட்டியவர்கள்தான் அதிகம். திருமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர், சேர்ந்த முதல் வாரம் தன் மேசையோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். பின்னால் கம்ப்யூட்டர் திரையில் வாடிக்கையாளர்களின் கணக்கு விவரம். விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள், பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அம்மாவும் மகளும் என் எதிரில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் தெரியாமல் செய்தது. ஆதாயத்துக்காகத் தெரிந்தே வாடிக்கையாளர் விவரத்தை வெளியே விட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதனால் கேமராவை மேசைப் பக்கம் திருப்பவே வேண்டாம், அடையாள அட்டையும் படத்தில் தெரிய வேண்டாம்.

"அரசு வேலைன்னா இந்தத் தொல்லை இல்லையே" என்றார் உங்களோடு வந்த மச்சினர். அங்கேயும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-லிருந்தே இருக்கின்றன; அரசின் கொள்கையை வெளியில் விமர்சிக்க அவர்களால் முடியாது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் உத்தரவை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி. கையெழுத்து தம்பியுடையது, கேள்வியும் அவரிடம்தான் வரும். படத்தை எடுத்துவிடுங்கள். யாராவது மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஃப்ளெக்ஸ் தாராளமாக அடியுங்கள். பிள்ளை படித்து வேலைக்குப் போவதை ஊர் பார்க்கட்டும். தம்பி படம், பேர், படித்த கல்லூரி, குலசாமி படம் எல்லாம் போடலாம். கம்பெனி லோகோ மட்டும் வேண்டாம், அதை அனுமதியில்லாமல் போடக் கூடாது.

திங்கட்கிழமை சேர வேண்டும் என்றீர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். யூடியூப் விஷயமாக எச்.ஆருக்குப் போக வேண்டிய மெயிலை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.