வேலூர்ப் பக்கம் மூடிப்போன சுரங்க ஊரில் ஓர் இரவு தங்கலாமா?

“கைவிடப்பட்ட பழைய சுரங்க நகரம் ஒன்றில் இரவு தங்கிய அனுபவம் உண்டா? வேலூரிலிருந்து போய்வரும் தூரத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயல், அதாவது கே.ஜி.எஃப். நான் பலமுறை தங்கியிருக்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் “எங்க தாத்தா மைன்ஸ்ல இருந்தாரு” என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அம்மாவின் அண்ணன் இன்றும் அங்கே சாம்பியன் ரீஃப் பகுதியில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் இருக்கிறார்.

ஆனால் ஆளில்லாத ஊர் என்று நினைத்துப் போகாதீர்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறார்கள். சாஃப்ட் என்னும் சுரங்கக் குழியின் மேல் துருப்பிடித்து நிற்கும் கோபுரம், கூரை போன பங்களா, பூட்டிய வீடுகள், வெறிச்சோடிய தெரு எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஊரில் வயதானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே பெங்களூருக்கு ரயில் ஏறியிருப்பார்கள். அதனால்தான் ஓர் இரவாவது தங்குங்கள் என்கிறேன். சாயங்காலம் பெங்களூர் வண்டி வந்ததும் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் இறங்கும். அரை மணி நேரத்தில் லைன் முழுக்க விளக்கு, டிவி சத்தம், குழாயடிப் பேச்சு. மாமா ஒருமுறை சொன்னார்: “பகல்ல வந்து பாத்துட்டு ஊரே செத்துப்போச்சுன்னு எழுதறாங்கப்பா. எட்டு மணி வரைக்கும் இருந்து பாக்கச் சொல்லு.”

சுரங்கம் மூடியது உண்மைதான். 1880 வாக்கில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்தது. ஆழத்தில் இறங்க ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காட்டில் நிலமில்லாமல் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், குடும்பத்தோடு மலையேறிப் போனார்கள். பஞ்சமும் ஒரு காரணம், ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதும் ஒரு காரணம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது சும்மா இல்லை. கூலிக்குப் போன இடத்திலேயே படிப்பும் சங்கமும் வளர்ந்தன. தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, 1930-ல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவர்கள்.

சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 50 டிகிரிக்கு மேல் சுடும். வெளியிலிருந்து வரும் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால் விஞ்ஞானிகள் அங்கே கருவிகளை வைத்து, 1965-ல் வளிமண்டலத்தில் உருவாகி, பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டார்கள். கடைசியில் தங்கத்தின் அளவு குறைந்து, எடுக்கும் செலவு ஏறி, அப்போது சுரங்கத்தை நடத்திவந்த அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ல் மூடப்பட்டது.

சரி, இரவு எப்படி இருக்கும்? ஊர் கிட்டத்தட்ட 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு மார்கழியில் போர்வை இல்லாமல் முடியாது. லைன் வீடு ரொம்பச் சின்னது. பக்கத்து வீட்டில் இருமினால் நமக்குக் கேட்கும். அங்கே அந்த இருமலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. அத்தை களியும் கருவாட்டுக் குழம்பும் போடுவார். சாப்பிட்டு முடித்ததும் மாமா வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரம் குலுங்குமாம். பெண்கள் போட்டது போட்டபடி சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். யாருடைய புருஷன், யாருடைய பிள்ளை என்று தெரியும்வரை அங்கேயே நிற்பார்களாம். இதைக் கேட்பதற்காகவே நான் போகிறேன். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது, இப்போது கேட்காவிட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காது.

உறவினர் யாரும் இல்லாவிட்டால் ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜ் எடுங்கள். பாழடைந்த பங்களாவிலோ சுரங்க வளாகத்திலோ ராத்திரி தங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அது வேலி போட்ட இடம், அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பழைய குழிகளில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, புதர் மூடியிருந்தால் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. மக்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். “எங்க வீட்டைப் பேய் வீடுன்னு போட்டுட்டாங்க” என்று ஒரு பாட்டி வருத்தப்பட்டதை நானே கேட்டேன்.

போகும் வழி: காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை, குப்பம் வழியாக பங்காருப்பேட்டை. அங்கே இறங்கி மாரிக்குப்பம் கிளை வண்டியைப் பிடிக்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால் பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறி வி.கோட்டா வழியாகப் போகலாம், எனக்குப் பிடித்த வழி அதுதான். நேரம் இருந்தால் பேத்தமங்கலா ஏரியையும் பாருங்கள். தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது, அதில் சேர்வது நம் பாலாற்றுத் தண்ணீர்.

அப்புறம், சயனைடு மேடு. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் குன்று குன்றாக நிற்கிறது, எல்லோரும் அதன்மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள். கோடைக் காற்றில் அந்தத் தூசு வீட்டுக்குள் வரை பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப்போவதாக இருந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள், அப்போதும் மேட்டுப் பக்கம் விடாதீர்கள்.