வாழைப்பழ வாசனையும் உங்கள் மகளின் படிப்பும்

ஆய்வகத்தில் வாழைப்பழ வாசனை செய்துவிட்டு வந்த நாளிலிருந்து வேதியியல்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தால் பாடம் நடத்துவதைத் தவிர வேறு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அவள் செய்த பொருளையே எடுத்துக்கொள்வோம்.

அது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர், அதாவது ஆல்கஹாலும் அமிலமும் வினைபுரிந்து உருவாகும் சேர்மம். ஐசோஅமைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் கொஞ்சம் அடர் கந்தக அமிலம் விட்டுக் கொதிக்கவைத்தால் வருவது. கேட்க எளிதுதான், ஆனால் வினை முழுதாக முடியாமல் சமநிலையில் நின்றுவிடும், அதனால் அசிட்டிக் அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்துத்தான் முன்னே தள்ள வேண்டும். அப்புறம் மிச்ச அமிலத்தைப் போக்க சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றிப் பிரிபுனலை (கலக்காத இரண்டு திரவங்களைப் பிரிக்கும், மூடியும் குழாயும் உள்ள கண்ணாடிப் புனல்) குலுக்கும்போது புஸ்ஸென்று வாயு கிளம்பும், அதை அவ்வப்போது திறந்து விடாவிட்டால் மூடி தெறித்துவிடும். எஸ்டர் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும். கடைசியில் காய்ச்சி வடிக்கும்போது வெப்பமானி 142 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும்.

இதில் எந்த இடத்தில் அவளுக்கு ஆர்வம் பற்றியது என்று முதலில் கேளுங்கள், என்னைப் பொறுத்தவரை மதிப்பெண்ணைவிட இதுதான் முக்கியம். கிடைத்த அளவு ஏன் குறைந்தது என்று குடைந்தால் மருந்து, ரசாயனத் தயாரிப்புப் பக்கம் போகலாம். வாசனையே பிடித்திருந்தால் உணவுச் சுவையூட்டி, நறுமணத் துறை. சுத்தமாக வந்ததா என்று சந்தேகப்பட்டால் கேஸ் குரோமட்டோகிராபி (கலவையை ஆவியாக்கி, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முறை) போன்ற பகுப்பாய்வு வேலை, அதற்குத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் எப்போதும் ஆள் தேவை. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்பும் எச்சரிக்கை வாசனையிலும் இதே பொருள்தான் முக்கியமாக இருக்கிறது, 1962-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கதை அவளை இழுத்தால் உயிரினங்களின் வேதியியல் என்று தனி ஆராய்ச்சியே உண்டு.

ஆபத்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த எஸ்டர் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் சுடரே கூடாது, ஆய்வகத்தில் செய்ததை நாக்கில் வைக்கவும் கூடாது. இந்தப் பழக்கங்களைச் சொல்லித் தருகிற கல்லூரியாகப் பாருங்கள்.

இளங்கலையோடு நிறுத்தினால் ஆராய்ச்சி வேலை கிடைப்பது கடினம், முதுகலைக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்களா, இல்லை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள்.