யானைக்கு ஒரு மெட்டு – கடிதம்

வணக்கம்.

மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கைக்கு இசைக்குழுவில் சேர்ந்தாள், ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய வயலின் மாதிரியான டபுள் பாஸைக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி நிகழ்ச்சியில் வயலின் பிள்ளைகளுக்கெல்லாம் மெட்டு, இவளுக்கு ‘டொம் டொம்’ மட்டும். எனக்குச் சினிமாப் பாட்டைத் தாண்டி எதுவும் தெரியாது. மகளுக்காகவாவது தெரிந்துகொள்வோம் என்று மேற்கத்திய இசையமைப்பாளர்கள் மொசார்ட், பீத்தோவன் பற்றிய துணுக்குகளைப் படிக்கிறேன். துணுக்கு மனசில் நிற்கிறது, இசை நிற்கவில்லை. எங்கே கைதட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

துணுக்கு படிப்பதில் தப்பே இல்லை, ஆனால் காதில் விழுகிற துணுக்காகப் பார்த்துப் பொறுக்குங்கள். பீத்தோவன் ஒரு கோப்பை காப்பிக்கு 60 கொட்டைகளை எண்ணிப் போடுவார் என்பார்கள். நல்ல கதைதான், ஆனால் முழு இசைக்குழுவுக்கும் அவர் எழுதிய நீளமான படைப்புகளான சிம்பொனிகள் எதிலும் அந்தக் கொட்டைச் சத்தம் கேட்காது.

இன்னொரு இசையமைப்பாளர் ஹைடன் கதை அப்படியில்லை. 1772ல் அவர் வேலை பார்த்த எஸ்தர்ஹாஸி இளவரசர் கோடை அரண்மனையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை. இசைக்காரர்களோ குடும்பத்தை ஐசன்ஸ்டாட் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். இளவரசரிடம் போய் லீவு கேட்பது யார்? ஹைடன் தன் 45ஆம் சிம்பொனியின் கடைசியில் மெதுவான பகுதி ஒன்றைச் சேர்த்தார், அதில் ஒவ்வொருவராக வாசித்து முடித்து மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போக, கடைசியில் மிஞ்சுவது இரண்டே வயலின். மறுநாளே மூட்டை கட்ட உத்தரவு வந்தது என்பார்கள். இது தெரிந்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டே ஆள் குறைவதைக் கேட்கலாம். உங்களுக்கென்றே ஒரு சேதி: டபுள் பாஸ் சும்மா எழுந்து போவதில்லை, தனியாக ஒரு சுற்று வாசித்துவிட்டுத்தான் போகும். மகளோடு உட்கார்ந்து அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் பிரெஞ்சுக்காரர் சான்-சான்ஸ். 1886ல் விளையாட்டாக ‘விலங்குகளின் திருவிழா’ எழுதினார், ஆனால் அன்னத்தின் பகுதியைத் தவிர மற்றதை உயிரோடிருக்கும்வரை அச்சிடவிடவில்லை. கௌரவப் பிரச்சினை. முழுசாக அச்சானது 1922ல், அவர் இறந்த பிறகு. குதித்துக் குதித்து ஆடும் கேன்-கேன் மெட்டை அதில் ஆமைகள் ஊர்ந்துகொண்டே வாசிக்கும். பியானோ பழகுகிறவர்களும் விலங்குகளோடு சேர்த்தி, எங்கள் புளோக்கில் தினம் சாயங்காலம் கேட்பது அதேதான். யானை வரும்போது மெட்டு முழுக்க டபுள் பாஸுக்கு, பியானோ கூட வந்தால் போதும். அந்த யானை நடுவில் எதற்கு ஆடுகிறது தெரியுமா? இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ், தேவதைகள் ஆடுவதற்கென்று எழுதிய மெட்டுக்கு. ஒன்றரை நிமிடம்தான், பெர்லியோஸின் அசலை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் சிரித்துவிடுவீர்கள்.

கைதட்டல்: சிம்பொனியில் பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும், இடையில் நிறுத்தும்போது இப்போது தட்டுவதில்லை. இசைக்குழுவை நடத்துகிறவர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பட்டும், அப்போது தட்டுங்கள். 1778ல் பாரிஸில் தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டியதை மொசார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதியிருக்கிறார், ஆக இந்தக் கட்டுப்பாடெல்லாம் பிற்பாடு வந்தது. அப்படியும் கூச்சமாக இருந்தால், சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு பூமலைத் தாவரவியல் பூங்காவில் இலவசமாக வாசிக்கும்போது குடும்பத்தோடு போய்ப் புல்லில் பாய் விரித்து உட்காருங்கள். எப்போது கைதட்டினாலும் அங்கே யாரும் முறைக்கமாட்டார்கள்.