கற்பனையில் ஜெபிக்கலாமா?

கேள்வி: பல வருஷமாகத் தினமும் பைபிள் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் கடவுளோடு ஒரு நெருக்கம் வரவில்லை. நற்செய்திக் காட்சிக்குள் கற்பனையில் நுழைந்து ஜெபித்துப் பார் என்கிறார் தெரிந்த சிஸ்டர் ஒருவர். இயேசு பேசுவதாக நானே நினைத்துக்கொண்டால், என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாகாதா?

பதில்: நல்ல சந்தேகம். இந்தச் சந்தேகமே வராமல் இறங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சிஸ்டர் சொன்னது புதுசு ஒன்றுமில்லை. 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார் (பிற்பாடு இந்த ஜெபமுறையைச் சொல்லிக்கொடுத்த ஸ்பெயின் நாட்டுப் புனிதர்), பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார். கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும். வாசித்துவிட்டுப் பகல்கனவு காண்பார். வீரப்பிரதாபக் கனவு காணும்போது இனிக்கும், அப்புறம் வெறுமைதான் மிஞ்சும். புனிதர்களைப்போல வாழ்வதாக நினைத்தால் மட்டும், நினைப்பு கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது: கற்பனை எங்கிருந்து வந்தது என்று குடைவதைவிட, அது உங்களிடம் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள்.

மாற்கு 10:46-52-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாக இரண்டு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். எரிகோவை விட்டுக் கிளம்பும் கூட்டம், கிளம்பும் புழுதி, வழியோரம் கத்துகிற பார்வையற்ற பர்த்திமேயு, அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டுகிறவர்கள். இதில் நீங்கள் யார்? அதட்டுகிற ஆளாகவே இருந்தாலும் சரி, இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். அவன் மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்து ஓடுகிறான். 'உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?' என்று அவனிடம் கேட்ட இயேசு, அடுத்து உங்கள் பக்கம் திரும்பி அதையே கேட்டால்? இங்கே அவசரப்படாதீர்கள். நிஜமான பதில் வாயில் வரக் கொஞ்சம் நேரமாகும், முதலில் வருவது பெரும்பாலும் பாடம் பண்ணின ஜெபமாகத்தான் இருக்கும். அப்புறம், இஞ்ஞாசியார் சொன்ன மாதிரி, நண்பனிடம் நண்பன் பேசுவதுபோலப் பேசுங்கள்.

இயேசு சொன்னதாகத் தோன்றுவதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நற்செய்திக்கு முரணாகப் பேசினால் அது அவரல்ல. எப்போது பார்த்தாலும் உங்கள் கட்சியே பேசுகிற இயேசுவையும் நான் நம்பமாட்டேன். பேதுருவிடம் அவர் அப்படியா பேசினார்? பெரிய முடிவு எடுக்கும்படி ஏதாவது தோன்றினால், அந்தச் சிஸ்டரிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு எடுங்கள்.

கேள்வி: கண்ணை மூடினால் எனக்கு எந்தக் காட்சியுமே வருவதில்லையே?

பதில்: ஜெபத்தைப் பற்றி நிறைய எழுதிய புனிதர் அவிலா தெரேசாவுக்கும் வராது. மனசில் உருவங்களைக் கொண்டுவரும் திறமை தனக்கு இல்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் கெத்செமனித் தோட்டத்தில் தனியாகத் தவிக்கும் இயேசுவோடு இருப்பார், அவருடைய வியர்வையைத் துடைத்துவிட ஆசைப்படுவார். முகம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது என்றால், திறந்துவைத்தே செய்யுங்கள்.