ஹெட்செட் மைக் தகராறு: பாலக்காடு எல்லைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

எல்லோருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். புது ஹெட்செட் வாங்கக் கிளம்பும் முன், இருப்பதை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ மாட்டிப் பேசிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் காசு மிச்சம்.

அண்ணா, போனுக்கு வாங்கிய ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் மாட்டினால் பாட்டு கேட்கிறது. நான் பேசுவது மட்டும் போகவில்லை. (கொழிஞ்சாம்பாறை)

ஹெட்செட்டின் மாட்டும் பின்னைப் பாருங்கள் தம்பி. மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அதில் நான்கு இணைப்புகள்: இடது காது, வலது காது, எர்த், மைக். டெஸ்க்டாப்பின் பச்சை ஓட்டை காதுக்கு மட்டும்தான். மைக்குக்கு ரோஸ் ஓட்டை தனியாக உண்டு. ஒரே பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். கடையில் கவனம்! இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கான ஸ்ப்ளிட்டரும் பார்க்க இதேபோல் இருக்கும், அது உதவாது. உங்களுக்கு வேண்டியதில் ஓட்டை ஒன்று, பின் இரண்டு. பின்களில் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்டிருக்கும்.

மாட்டிய பிறகு பாட்டில் குரல் மட்டும் அமுங்கி, போன் எடுக்கும் பட்டனை அழுத்தினால் சரியாகிறதா? அது பழைய வகை ஹெட்செட். அதில் மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். அதற்கென்று தனி கன்வர்ட்டர் உண்டு.

முன்பக்க ஓட்டையில் சத்தமே இல்லை, பின்பக்கம் நன்றாக வருகிறது. (வேலந்தாவளம்)

கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் முன்பக்க ஆடியோ வயர் மதர்போர்டில் மாட்டப்படாமலோ கழன்றோ இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். அதுவரை பின்பக்கமே போதும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. ஜூம் வகுப்பு தொடங்கியதும் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. (சித்தூர், ஆசிரியை)

ஹெட்செட் கெடவில்லை டீச்சர். மைக் ஓடத் தொடங்கியதும் சாதாரண புளூடூத் ஹெட்செட் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அதில் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும், சிடியில் 44,100 முறை; எண்ணிக்கை குறைந்தால் தெளிவும் குறையும். ஜூம் செட்டிங்ஸில் மைக்காக வெப்கேமையும் ஸ்பீக்கராக ஹெட்செட்டின் ஸ்டீரியோவையும் தேர்ந்தெடுங்கள். குழந்தைகளின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமே, அதற்காகவாவது இதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) மைக் போட்டால் 'உம்ம்' என்று இரைச்சல். (மீனாட்சிபுரம்)

மைக் பூஸ்ட் (மைக்கின் ஒலியைக் கூட்டும் செட்டிங்) 30 டெசிபெலில் இருந்தால் 10க்கு இறக்குங்கள். குறையவில்லையா? கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அப்படியானால் கட்டிட வயரிங்கின் எர்த்தில் சந்தேகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், நீங்களாகக் கை வைக்கவும் வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்; ஆட்கள் வந்து போகும் இடம்.

எல்லாம் சரியாக மாட்டியும் எந்த ஆப்பிலும் குரல் பதியவில்லை. (வாளையார்)

விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் மைக்ரோபோன். அங்கே அனுமதியை ஆன் செய்யுங்கள். டெஸ்க்டாப் ஆப்களுக்கு அதே பக்கத்தின் கீழே தனி சுவிட்ச் இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் மலையாள எழுத்து வருகிறது. (சித்தூர்)

மைக் படத்துக்கு மேலே மொழிப் பட்டியல் இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். மலையாள மனு எழுதும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.