போன வருடம் ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு உயிரித் தகவலியல் (மரபணு, புரதத் தரவுகளைக் கணினியில் ஆராயும் துறை) மென்பொருள்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். இலவசமாக, மூல நிரலோடு கிடைக்கிற கருவிகள் இவை. பல நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதியவை, இன்னும் மாற்றிக்கொண்டே இருப்பவை. என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொரு பதிப்போடும் எழுதியும் வைக்கிறார்கள். ஆனால் நம் வகுப்பறைகளுக்கு அந்தச் செய்தி வருவதே இல்லை, பிழைச் செய்தி மட்டும்தான் வந்து சேர்கிறது. கடிதங்களைப் படித்தபோது எனக்கு மனதை உறுத்தியது அதுதான்.

கேள்வி: அக்கா, கல்லூரியில் கொடுத்த பயோபைத்தான் குறிப்பேட்டில் முதல் பயிற்சியே பயோ.ஆல்ஃபபெட் என்று தொடங்குகிறது. ஓட்டினால் இம்போர்ட் எர்ரர் வருகிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன். என் லேப்டாப்பில் என்ன கோளாறு? – எம்.எஸ்சி. மாணவி, காரைக்குடி

பதில்: உங்கள் லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது, இனி அழித்து நிறுவ வேண்டாம். பழையதாகிப்போனது உங்களுக்குக் கொடுத்த குறிப்பேடு. உயிரியல் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்புதான் பயோபைத்தான். 1999-ல் தொடங்கிய அதில் ஒரு வரிசையை, அதாவது மூலக்கூறின் எழுத்துத் தொடரை, உருவாக்கும்போது இது டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா, புரதமா என்று கூடவே சொல்வதற்காக ஆல்ஃபபெட் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் சிக்கலாகிக்கொண்டே போனது, பயன்படுத்துகிறவர்களுக்குக் கிடைத்த பலனும் குறைவு. அதனால் 2020 செப்டம்பரில் வந்த 1.78 பதிப்பில் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அந்த வரியை நீக்கிவிட்டு, எழுத்துகளை மட்டும் கொடுத்து வரிசையை உருவாக்குங்கள், பெரும்பாலான பயிற்சிகள் ஓடிவிடும். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தின் வடிவத்தில் கோப்பு எழுதும் இடத்தில் மட்டும் மாட்டுவீர்கள், இது என்ன மூலக்கூறு என்று அங்கே பயோபைத்தான் கேட்கும். அந்தப் பதிவின் அனொடேஷன்ஸ் பகுதியில் மாலிக்யூல் டைப் என்ற பெயரில் டி.என்.ஏ. என்று கொடுத்துவிட்டால் சரி.

நான் பயப்படுவது வேறொரு மாற்றத்தை நினைத்து. ஓடாத நிரல் நம்மை அங்கேயே நிறுத்திவிடும், பெரிய ஆபத்தில்லை. ஓடி முடித்து வேறு விடை தருகிற நிரலை யார் கவனிப்பார்கள்? உங்கள் குறிப்பேட்டில் ஜி.சி. சதவீதம், அதாவது வரிசையில் ஜி, சி எழுத்துகளின் பங்கு, கணக்கிடும் பயிற்சியும் இருக்கும். அதற்கு இருந்த பழைய ஜிசி என்ற ஃபங்ஷன் போய், 1.80 பதிப்பில் ஜிசி ஃப்ராக்‌ஷன் என்று புதியது வந்தது. பழையது 41 என்று சதவீதமாகச் சொல்லும், புதியது 0.41 என்று பின்னமாகச் சொல்லும். சரி, நூறால் பெருக்கிக்கொள்ளலாம் என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். வரிசையில் இன்ன எழுத்தென்று தெரியாத இடங்களில் ‘என்’ போட்டிருக்கும் அல்லவா, அதை இரண்டும் வேறு வேறு விதமாக நடத்துகின்றன. 100 எழுத்தில் ஜி-யும் சி-யும் சேர்த்து 40, ஏ-யும் டி-யும் சேர்த்து 40, மீதி 20 ‘என்’ என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபங்ஷன் 40-ஐ 100-ஆல் வகுத்து 40 சதவீதம் என்று சொல்லும். புதியதோ, நீங்கள் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், அந்த 20-ஐக் கணக்கிலேயே சேர்க்காமல் 40-ஐ 80-ஆல் வகுத்து 0.5 என்று தரும். இரண்டு கணக்கும் அதனதன் முறையில் சரிதான். ஆனால் சீனியர் ஒருவரின் பழைய அட்டவணையோடு உங்கள் எண்ணை வைத்து ஒப்பிட்டு, “இந்த இனத்தில் ஜி.சி. பத்து சதவீதம் அதிகம்” என்று எழுதிவிட்டால், இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஆகிவிடும். அதனால் ஆய்வேட்டில் பயோபைத்தானின் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பழைய முடிவுகளை அப்படியே மறுபடி எடுத்தாக வேண்டுமென்றால் 1.77 பதிப்பை, அந்தக் காலத்துப் பைத்தானோடு சேர்த்து, ஒரு தனிச் சூழலில் நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாம்டூல்ஸில் சார்ட் கட்டளைக்கு வெளியீட்டுக் கோப்பின் முன்னொட்டைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. – வாசகர், கோவை

பதில்: மரபணு வரிசைத் தரவுக் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸில், பெயரின் முற்பகுதியை மட்டும் கொடுக்கும் அந்தப் பழைய வடிவம் 2015 டிசம்பரில் வந்த 1.3 பதிப்போடு போய்விட்டது. ஹைஃபன் ஓ போட்டு, கோப்பின் பெயரை முழுதாகக் கொடுங்கள். மரபணு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க சாம்டூல்ஸ் எம்பைல்அப் என்று உங்கள் குறிப்பில் இருந்தால், அந்த வேலையும் இப்போது அதன் துணைக் கருவியான பிசிஎஃப்டூல்ஸுக்கு மாறிவிட்டது.

கேள்வி: நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூட நிறுவனத்தில் 300 பேர் இருக்கிறோம். அனகோண்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஐ.டி. பிரிவில் திடீரென்று சொல்கிறார்கள். அப்படியென்றால் பயோகோண்டாவும் இனி இலவசம் இல்லையா? – வாசகர், பெங்களூரு

பதில்: பயோகோண்டா இலவசம்தான். மூன்று விஷயங்கள் ஒரே பெயர்ச் சாயலில் இருப்பதால் வருகிற குழப்பம் இது. கோண்டா என்பது மென்பொருள்களை நிறுவும் கருவி, அது திறந்த மூலம். அனகோண்டா என்பது ஒரு நிறுவனம், டிஃபால்ட்ஸ் என்ற பெயரில் தன் சொந்த பேக்கேஜ் சேனலை, அதாவது மென்பொருள்கள் இறங்கும் இடத்தை, நடத்துகிறது. 2020-ல் அந்தச் சேனலின் விதிகளை மாற்றி, 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சொன்னது. உங்கள் ஐ.டி. பிரிவு கவலைப்படுவது அதற்காக, அவர்கள் கவலை நியாயமானதே. கோண்டா ஃபோர்ஜும், உயிரியல் கருவிகளுக்கான பயோகோண்டாவும் தன்னார்வலர்கள் நடத்தும் சேனல்கள், அந்தக் கட்டணம் அவற்றுக்குப் பொருந்தாது.

சிக்கல் என்னவென்றால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து மினிகோண்டா (அனகோண்டா தரும் சின்ன கோண்டா நிறுவி) போட்டவர்களின் அமைப்பில் டிஃபால்ட்ஸ் சேனலும் தானாகவே சேர்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியாமலே அங்கிருந்து பேக்கேஜ் இறங்கும். அதை எடுத்துவிட்டு, கோண்டா ஃபோர்ஜ் தரும் நிறுவியான மினிஃபோர்ஜ் நிறுவுங்கள். கோண்டா ஃபோர்ஜ் முதலில், பயோகோண்டா அடுத்து என்று சேனல் வரிசை வையுங்கள், சேனல் முன்னுரிமையை ஸ்ட்ரிக்ட் என்று வைத்துவிடுங்கள். இப்போது பயோகோண்டா சமூகமே சொல்கிற முறை இதுதான். பழைய சூழல்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள், ஒவ்வொரு பேக்கேஜும் எந்தச் சேனலிலிருந்து வந்தது என்று பட்டியலிலேயே தெரியும்.

நிறுவனத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கருவி எளிதாக நிறுவக் கிடைக்கிறது என்பதால் வணிகத்துக்கும் இலவசம் என்று ஆகிவிடாது. ஜிம் கென்ட் எழுதிய, வரிசைகளை ஒப்பிடும் பிளாட் ஆய்வுக்கும் கல்விக்கும் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். மாறாக, மரபணு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் ஜிஏடிகே ஒரு காலத்தில் நிறுவனங்களுக்குக் கட்டணம் கேட்டது, 2018 ஜனவரியில் வந்த 4-ஆம் பதிப்போடு முழுத் திறந்த மூலமாகிவிட்டது. கருவிக்குக் கருவி உரிமத்தைப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: என் ஆய்வு முழுக்க நம்பியிருக்கும் ஒரு பேக்கேஜ் பயோகண்டக்டரின் புதிய வெளியீட்டில் இல்லவே இல்லை. என் முடிவுகள் செல்லாதா? – ஆய்வு மாணவர், சென்னை

பதில்: செல்லும், பதற வேண்டாம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மொழியில் எழுதிய உயிரியல் பேக்கேஜ்களின் தொகுப்பான பயோகண்டக்டர் 2001-லிருந்து நடக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், எல்லா பேக்கேஜ்களையும் ஒரே கட்டாக வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு வெளியீடும் ஆர் மொழியின் ஒரு பதிப்போடு பிணைந்தது: 3.20 என்றால் ஆர் 4.4, 3.21 என்றால் ஆர் 4.5. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் திரும்பத் திரும்பக் கட்டிச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்று தொடர்ந்து உடைந்து, எழுதியவரிடமிருந்தும் பதில் வரவில்லை என்றால், ஒரு வெளியீட்டில் ‘கைவிடப்படுகிறது’ என்று எச்சரிக்கை போடுவார்கள், அடுத்ததில் எடுத்துவிடுவார்கள். பேக்கேஜைத் திறக்கும்போது ஓடும் வரிகளில் அந்த எச்சரிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். அந்த வரிகளை யார் படிக்கிறோம்?

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு முனைவர் பட்ட மாணவர் எழுதியிருப்பார், பட்டம் வாங்கி வேறு வேலைக்குப் போயிருப்பார், பராமரிக்க ஆள் இருக்காது. எத்தனை பேருடைய ஆய்வு அதன் மேல் நிற்கிறது என்பது அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம். பழைய வெளியீடுகளை அழிப்பதில்லை, அதனால் அதற்கேற்ற ஆர் பதிப்போடு உங்கள் ஆய்வை முடித்துவிடலாம். வெளியீடு வாரியாக டாக்கர் படிமங்களும் (தேவையான எல்லாம் சேர்த்துக் கட்டிய தயார்ச் சூழல்கள்) தருகிறார்கள், அது இன்னும் சுலபம். அப்புறம், முடிந்தால் அந்த பேக்கேஜை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், உங்கள் ஆய்வில் அது எப்படிப் பயன்பட்டது என்று சொல்லுங்கள். பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் பேக்கேஜ் திரும்பி வரவும் வழி இருக்கிறது.

கேள்வி: எங்கள் லேபில் 20 கணினி, எல்லாம் 4 ஜி.பி. ராம். மின்சாரமும் அடிக்கடி போகும். ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்முறை வகுப்பு எடுக்க வழி உண்டா? – உதவிப் பேராசிரியை, நாகர்கோவில்

பதில்: தாராளமாக எடுக்கலாம். எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று ஆர்.என்.ஏ.வை வைத்துப் பார்ப்பது போன்ற ஆய்வுகளை இணையத்திலேயே செய்யவிடும் தளம் கேலக்ஸி, அது இப்படிப்பட்ட வகுப்புகளுக்கும் சேர்த்துத்தான். 2005-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்டன் நெக்ருடென்கோவும் ஜேம்ஸ் டெய்லரும் தொடங்கியது. பிரவுசர் மட்டும் இருந்தால் போதும், கணக்கீடு முழுக்க அவர்களுடைய சர்வரில் நடக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், மறுபடி வந்து பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பொதுச் சர்வர்கள் இருக்கின்றன, கணக்குத் தொடங்கப் பணம் கிடையாது. ஐரோப்பியச் சர்வர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து நடக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. வகுப்பு நாள், எத்தனை மாணவர்கள், என்ன பாடம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால், உங்கள் வகுப்புக்கென்று கணிப்பொறி இடம் ஒதுக்கித் தருவார்கள். டையாஸ் என்று பெயர். மாணவர்கள் நீங்கள் தரும் இணைப்பின் வழியாக உள்ளே வந்தால் அவர்களுடைய வேலைகள் உலகத்தின் நெரிசலில் மாட்டாமல் தனி வரிசையில் ஓடும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று நீங்கள் ஒரே திரையில் பார்க்கலாம். சில வாரங்கள் முன்னதாகவே எழுதிவிடுங்கள்.

பாடத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், கேலக்ஸி பயிற்சி வலையமைப்பில் தரவோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்புக்குப் பழ ஈயின் பசில்லா மரபணுவை வைத்துச் செய்த பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாக ஒவ்வொரு படியாகக் கொண்டுபோகும். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன அமைப்பு என்பது மாணவரின் ஹிஸ்டரியிலேயே பதிவாகிவிடும், மேலே காரைக்குடி மாணவிக்கு வந்த தொல்லை உங்கள் மாணவர்களுக்கு வராது. ஒன்றே ஒன்று, நோயாளிகளின் மரபணுத் தரவைப் பொதுச் சர்வரில் ஏற்றவே கூடாது. பயிற்சி என்றாலும் கூடாது.

ஜேம்ஸ் டெய்லர் 2020 ஏப்ரலில் காலமாகிவிட்டார். இளம் ஆய்வு மாணவர்கள் மாநாடுகளுக்குப் போக உதவும் ஓர் அறக்கட்டளை அவர் பெயரில் நடக்கிறது. உங்கள் மாணவர்களிடம் அவரைப் பற்றி இரண்டு நிமிடமாவது சொல்லுங்கள்.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்ட் 3 திறந்த மூலமா, இல்லையா? – வாசகர், திருச்சி

பதில்: இல்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரி பற்றி 2024 மே மாதம் கட்டுரை வந்தபோது நிரலே வெளியிடவில்லை, ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். நவம்பரில் நிரல் வந்தது, ஆனால் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். மாதிரியின் எடைகளையும் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்கள்) விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். படித்துப் பார்க்க முடிவது வேறு, திறந்த மூலம் வேறு. முந்தைய ஆல்ஃபாஃபோல்ட் 2-இன் நிரல் 2021-ல் அப்பாச்சி உரிமத்தில் வந்தது, எடைகளையும் பிறகு தாராளமாக்கினார்கள். முழுக்கத் திறந்த மாற்று வேண்டுமென்றால் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த போல்ட்ஸ்-1 இருக்கிறது, நிரல், எடை இரண்டுமே எம்.ஐ.டி. உரிமம்.

கேள்வி: எனக்கு நிரல் எழுத அவ்வளவாக வராது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். இந்தச் சமூகங்களில் எனக்கு என்ன வேலை இருக்கும்? – இறுதியாண்டு மாணவர், விருதுநகர்

பதில்: நிறைய வேலை இருக்கிறது. முதல் வேலை, நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தை எழுதிச் சொல்வது. வழிகாட்டியில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் அதை எழுதியவருக்குத் தெரியாது, அவருக்கு அது மனப்பாடம். புதிதாகப் படிக்கிறவர் கண்ணுக்குத்தான் படும். அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்புவதும் பங்களிப்புதான், அதற்கு இலக்கணம் தவறாத ஆங்கிலம் தேவையில்லை. இந்தக் கருவிகளை எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது.

அடுத்து, ஆட்களோடு பழக வேண்டும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும் ஆய்வு வழித்தடங்களை எழுத 2018-ல் தொடங்கிய என்எஃப்-கோர் குழு, ஹேக்கத்தான்களுக்கு வீட்டிலிருந்தே சேர விடுகிறது. முதல் முறை வருகிறவர்களுக்கென்று சின்னச் சின்ன வேலைகளைக் குறித்தும் வைப்பார்கள். பயோபைத்தான், பயோபெர்ல் போன்றவற்றுக்குத் தாயகமான ஓப்பன் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் ஃபவுண்டேஷன், நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளப் பண உதவி தருகிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்திலும் அந்த அமைப்பு பல ஆண்டுகள் வழிகாட்டி அமைப்பாக இருந்திருக்கிறது. கொஞ்சம் நிரல் பழகியபின் அதையும் முயன்று பாருங்கள்.

முதல் பிழை அறிக்கை எழுதும்போது இவை இருக்கட்டும்: மென்பொருளின் பதிப்பு எண், உங்கள் இயங்குதளம், நீங்கள் கொடுத்த கட்டளை எழுத்துக்கு எழுத்து, வந்த பிழைச் செய்தி முழுவதும். படமாக எடுத்து ஒட்டாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள், அப்போதுதான் அடுத்து அதே பிழையில் மாட்டுகிறவர் தேடினால் கிடைக்கும். அப்புறம் பெரிய கோப்பை அனுப்பாமல், பிழை வருகிற அளவுக்கு நாலைந்து வரி மட்டும் வெட்டி ஒரு சின்ன உதாரணம் செய்யுங்கள். அதைச் செய்யும்போதே பாதிப் பேருக்கு என்ன தவறு என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதையும் எழுதுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் விட்டுவிடாதீர்கள், அந்தப் பக்கம் இருப்பவர் தன் ஆய்வு வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கித்தான் படிக்கிறார்.